பற்று நோட்டை மூடிவிடாதீர்கள்

அருப்புக்கோட்டை கடைவீதியில் கடை வைத்திருப்பவர்களுக்கும், திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி, மண்டபசாலை, பரளச்சி என்று சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒன்றிரண்டாய்ப் பலசரக்குக் கடை நடத்துகிறவர்களுக்கும், அண்ணாச்சி, பாய், முதலாளி, அக்கா என்று நாங்கள் கூப்பிட்டுப் பழகிய எல்லோருக்கும்,



"கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகை தொங்காத கடை நம் பக்கத்தில் கிடையாது. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுதான் எங்கள் அப்பாமார்கள் கடன் வாங்கினார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டீர்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் பலகை ஒப்புக்குத் தொங்கியது. சமீப காலமாக நீங்கள் அதை நிஜமாகவே கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். பற்று நோட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கல்லாவுக்கு முன்னால் கியூஆர் அட்டையை நிறுத்தி, "ரொக்கமா, போன்லயா?" என்று கேட்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கடைகள் ஏன் மூடப்படுகின்றன என்று உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடையை மூடுவதற்கு முன்னால் எதை முதலில் மூடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு உங்களோடு சண்டை.

கடைவீதி இளைத்துப்போனது கண்ணுக்குத் தெரிகிறது. பித்தளை அண்டாவும் குடமும் வாசல்வரை அடுக்கியிருந்த பாத்திரக் கடை போய்விட்டது. நூலும் சாயமும் தறிச் சாமானும் விற்ற கடையில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். ஜவுளிக் கடை இருந்த இடத்தில் 'வாடகைக்கு' என்று ஒரு அட்டை. அதில் எழுதிய போன் நம்பர் வெயிலில் வெளுத்துப்போய், கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஊருக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டிக் கண்ணாடி வைத்த கடைகள் எழும்புகின்றன. கல்யாணச் சேலை எடுக்க ஒரு மணி நேரத்தில் மதுரைக்குப் போய் இறங்கிவிடலாம். தறி ஓடுகிற ஊரில், சூரத்துச் சேலையைப் போனில் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அதையும் பெட்டியில் போட்டு வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றில் பொய் இல்லை. 2012 செப்டம்பரில், பல பிராண்டுச் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு 51 சதவீதம் வரை வரலாம் என்று மத்திய அரசு அறிவித்தபோது நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தது. தமிழ்நாட்டுக்குள் அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசும் சொன்னது. யோசித்துப் பாருங்கள்: பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரத்தில்தான் அந்தக் கடைகள் வரலாம் என்று அப்போதைய விதி. 2011 கணக்கெடுப்பில் அருப்புக்கோட்டையின் மக்கள்தொகை சுமார் 88 ஆயிரம். அந்த விதிப்படி வால்மார்ட் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கவே முடியாது. ஆனால் 2018-ல் அதே வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டில் 77 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு அது நரிக்குடிக்கும் வருகிறது, ஒரு பையனின் பைக்கில் பின்னால் கட்டிய பையில் உட்கார்ந்துகொண்டு. அந்தப் பங்கு விற்பனையை எதிர்த்தும் 2018 செப்டம்பரில் வணிகர் அமைப்புகள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தன. நீங்கள் கடையை அடைத்த நாளிலும் போன் திறந்தே இருந்தது.

ஏஜென்சி விலையைப் பற்றி நீங்கள் குமுறுவதும் நியாயம். ஒரே கம்பெனி பிஸ்கட் பெட்டி உங்களுக்கு ஒரு விலைக்கும் பெரிய கடைக்கு இன்னொரு விலைக்கும் போகிறது. அவர்கள் கம்பெனியிடமே நேராகப் பேசுகிறார்கள். நீங்கள் லைன் வண்டி வரும் நாளுக்குக் காத்திருந்து, சேல்ஸ்மேன் சொல்கிற ஸ்கீமுக்குத் தலையாட்டுகிறீர்கள். 2021 கடைசியில் அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பே கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, எல்லோருக்கும் ஒரே விலை கொடுக்காவிட்டால் ஒத்துழைக்க மாட்டோம் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. உங்களுக்குச் சரக்கு கொண்டுவருபவரே அழுகிறார் என்றால் உங்கள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு 2024 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி பதிவில்லாத கட்டடக்காரருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கும் 18 சதவீத வரியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே கட்ட வேண்டும் என்றார்கள். இணக்க வரியில் இருக்கும் சின்ன வியாபாரிகளுக்கு அதிலிருந்து விலக்கு கிடைக்க அந்த டிசம்பர் வரை கத்த வேண்டியிருந்தது.

இத்தனையும் சரி. ஆனால் சட்டம் போட்டுக் காப்பாற்றுவார்கள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். ஜப்பானில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. பெரிய கடை திறக்க வேண்டுமானால் உள்ளூர் வியாபாரிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1970-களில் போட்ட சட்டம். கால் நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. அமெரிக்கா கொடுத்த நெருக்கடியில் முதலில் தளர்த்தினார்கள், 2000-ல் எடுத்தே விட்டார்கள். அந்தக் கால அவகாசத்தில் தங்களை மாற்றிக்கொள்ளாத சின்ன ஊர்க் கடைவீதிகள் வரிசையாக ஷட்டரை இறக்கின. நீங்களும் மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போகிறீர்கள், தீர்மானம் போடுகிறீர்கள், திரும்பி வருகிறீர்கள். மாநாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வணிகர் நல வாரியம் 1989-ல் அமைந்ததும் இப்படிச் சேர்ந்து கேட்டதால்தான். ஆனால் மே 6-ஆம் தேதி காலையில் கடையைத் திறக்கும்போது என்ன செய்யப் போகிறீர்கள்?

பெருங்கம்பெனிகளோடு விலையில் போட்டி போட்டு நீங்கள் ஜெயிக்க முடியாது. பத்து ரூபாய்ச் சாமானில் ஒரு ரூபாய் நின்றால் உங்களுக்குப் பெரிது. அந்த ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுத்து மூன்று வருசம் நஷ்டத்தில் ஓட்ட அவர்களால் முடியும். உங்களால் மூன்று மாசம் முடியாது. அவர்கள் செய்ய முடியாத ஒன்றை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். அதைத்தான் இப்போது கைவிடுகிறீர்கள்.

எங்கள் பக்கத்துப் பணத்தின் போக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இது மானாவாரி பூமி. மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வந்தது. புரட்டாசியில் விதைக்கிறோம். உழவுக்கு, விதைக்கு, அடியுரத்துக்கு, களையெடுப்புக்கு என்று கை வறண்டுகொண்டே போகும். மக்காச்சோளமோ உளுந்தோ மல்லியோ வத்தலோ தை, மாசியில் வீட்டுக்கு வரும். வருவதற்கு முன்னால் காட்டுப்பன்றி பாதியைத் தின்னாமல் இருந்தால். அந்தப் பணத்தில்தான் பழைய கடன், கோயில் கொடை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். சித்திரையிலிருந்து மறு தை வரை வீடு ஓட வேண்டும். ஆடு விற்ற காசு, பூப்பறித்த கூலி, கரிமூட்டத்தில் வேலை செய்த கூலி, மாதக்கணக்கில் தாமதமாய் வந்த நூறு நாள் வேலைப் பணம் என்று துண்டுதுண்டாகத்தான் காசு வரும். தறிக்காரர்களுக்கு வாரக் கூலி உண்டு. ஆனால் பாவு கிடைக்காத வாரமும் உண்டே. வயிறு மட்டும் துண்டுதுண்டாகப் பசிக்காது, தினமும் பசிக்கும். இந்த இடைவெளியை நிரப்பியது எந்த அரசுத் திட்டமும் இல்லை, வங்கியும் இல்லை. உங்கள் பற்று நோட்டுதான் நிரப்பியது.

அந்த நோட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் விரியும் நோட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது, மூலைகள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்தது. ஆணியில் சணலில் கட்டித் தொங்கும் பென்சில். ஆள் பெயரைவிட ஊரும் அடையாளமும்தான் அதில் அதிகம்: கண்மாய்க்கரை வீடு, டெய்லர் தம்பி, பால்க்காரர் மருமகள். பருப்பு 1, எண்ணெய் அரை, சீரகம் 50, சோப்பு 2. ஒரு கடைக்காரர் பக்க ஓரத்தில் வேறொன்றும் எழுதி வைத்திருந்தார்: "ஐப்பசி 12, கிழக்கே நல்ல மழை", "கார்த்திகை 3, நரிக்குடிப் பக்கம் தூறல்". எதற்கு என்று கேட்டேன். எந்த ஊருக்கு எவ்வளவு வரை எழுதலாம் என்று தெரிய வேண்டாமா என்றார். மழை பெய்த ஊர்க்காரருக்குக் கை தாராளம். பெய்யாத ஊர்க்காரரிடம் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார், ஆனால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் மூன்றையும் நிறுத்த மாட்டார். சம்பளச் சீட்டும் சிபில் ஸ்கோரும் பார்த்துக் கடன் கொடுக்கிற எந்தக் கம்பெனிக்கும் இந்தக் கணக்கு தெரியாது. மேகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிற ஏற்பாடு உலகத்தில் எத்தனை இடத்தில் இருக்கும்?

இன்னும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் ஒரே ராத்திரியில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானபோது ஏடிஎம் வரிசையில் நிற்கக்கூட எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஏடிஎம் இல்லை. நீங்கள் எழுதிக்கொண்டு கொடுத்தீர்கள். 2020 ஊரடங்கில் கூலி நின்றபோதும் எழுதிக்கொண்டு கொடுத்தீர்கள். சாவு விழுந்த வீட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தியும் வெள்ளைத் துணியும் எடுத்துக் கொடுத்து, பணத்தைப் பதினாறாம் நாளுக்குப் பிறகு வாங்கிக்கொண்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள். எந்த ஆப்பில் அதற்கு பட்டன் இருக்கிறது?

நீங்கள் தர்மத்துக்குக் கொடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை போட்டவர்களை எங்களுக்குத் தெரியும். அறுவடை நேரத்தில் வத்தலையும் மல்லியையும் கமிஷன் கடையில் கொண்டுபோய்ப் போட்டால், பற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தவர்களையும் தெரியும். அதில் தராசு கொஞ்சம் உங்கள் பக்கமே சாய்ந்தது என்பதும் ஊரறிந்த விஷயம். அத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், அந்த நோட்டை இப்போது மூடாதீர்கள். நீங்கள் மூடிய இடத்தில் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? காலை ஏழு மணிக்குக் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்ரோ பைனான்ஸ் பையன் டேப்லெட்டோடு வருகிறான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கட்டும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. 2022-லிருந்து அந்தக் கம்பெனிகளின் வட்டிக்கு ரிசர்வ் வங்கி வைத்திருந்த உச்சவரம்பும் கிடையாது. வசூல் என்ற பெயரில் நடந்த கொடுமையைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வாரத் தவணைக்கு மழை பெய்ததா பெய்யவில்லையா என்ற கேள்வியே கிடையாது. அந்தத் தவணைக் காசில்தான் உங்கள் கடையில் வாங்க வேண்டிய பருப்பும் எண்ணெயும் போகிறது. உங்கள் வியாபாரம் குறைந்ததற்கு ஆன்லைனை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஏழு மணி வசூலையும் ஒருநாள் எட்டிப் பாருங்கள்.

இனி உங்கள் மேல் எங்களுக்கு இருக்கும் மனத்தாங்கல். இதைச் சொல்லாமல் கோரிக்கை வைத்தால் அது நேர்மையாக இருக்காது.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சேரியில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண், சூப்பர் மார்க்கெட் ஏன் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னாள்: "அங்க நானே எடுத்துப் பாக்கலாம், பிடிக்கலைன்னா வைக்கலாம். நீ எந்தூரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு யாரும் கேக்க மாட்டாங்க." இதைக் கேட்டு நீங்கள் கோபப்படக் கூடாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது உங்களுக்குப் பற்று எழுத வேண்டிய விசாரணை. அவளுக்கு அது வேறு விசாரணை. அவள் அப்பா கடைக்கு முன்னால் எட்ட நின்று வாங்கிய காலம் அவளுக்கு மறக்கவில்லை. குளிர்சாதனத்துக்காகவோ ஐந்து ரூபாய் தள்ளுபடிக்காகவோ எல்லோரும் போகவில்லை. சாமானைத் தொட்டுப் பார்க்கும் உரிமைக்காகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இதை எந்த மாநாட்டிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பெண்கள் நாப்கின் கேட்டால் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிற கடைப்பையனைக் கண்டித்தீர்களா? எம்ஆர்பிக்கு மேல் இரண்டு ரூபாய், கேட்டால் "பிரிட்ஜில் வச்ச காசு" என்கிறீர்களே, அது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்குத் தெரியாதா? பில் கேட்டால் முகம் சுளிப்பது, மாற்றிக் கேட்டால் "அப்ப வேற கடையில பாத்துக்கங்க" என்பது, இதெல்லாம் வேறு கடை இல்லாத காலத்துப் பேச்சு. இப்போது வேறு கடை இருக்கிறது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கடைவீதியில் எத்தனை கடையில் அந்த நாற்காலி இருக்கிறது? ஜவுளிக் கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நின்ற பெண்தான் அடுத்த வருசம் திருப்பூர் பஸ் ஏறுகிறாள். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்கள்.

உங்களில் சிலர் கடைக்காரர்கள் மட்டுமல்ல, கடைவீதிக் கட்டடங்களுக்கும் சொந்தக்காரர்கள். பக்கத்துக் கடைக்காரர் மூடும்போது அனுதாபப்பட்டுவிட்டு, அடுத்த வாரமே வாடகையும் அட்வான்சும் ஏற்றி போர்டு மாட்டினால், கடைவீதி எப்படிப் பிழைக்கும்? ஒரு வருசமாய்ப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு என்ன வாடகை வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. உங்கள் தாத்தாமார் செய்ததைத்தான் கேட்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்துப் பாதைகளில் சரக்கு வண்டிக்குப் பாதுகாப்பு கிடையாது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் மதிலுக்குள் இரவு தங்கின. வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கை ஒவ்வொருவரும் மகமையாகப் பொதுவில் போட்டார்கள். கடன்பட்டவரும் போட்டார், காசுக்காரரும் போட்டார். அந்த மகமையில் கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதன் அடுத்த படியாக 1921-ல் தூத்துக்குடியில் ஒரு வங்கியே பிறந்தது. நாடார் வங்கி என்று தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. அருப்புக்கோட்டையில் தேவாங்கரும் சாலியரும் தறியை வைத்துத் தங்களுக்குள் அமைப்பும் பள்ளியும் வளர்த்தது தனிக் கதை.

இந்தப் பெருமையை மேடையில் சொல்லி மாலை போட்டுக்கொள்கிறோம். அதன் குறையைச் சொல்வதில்லை. பேட்டைக்குள் அவரவர் சாதிதான் இருந்தது. மகமை அவரவர் சாதிச் சங்கமான உறவின்முறைக்குள்தான் சுற்றியது. அன்றைக்கு அது அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, அதனால் குற்றம் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அதே வட்டத்துக்குள் நின்றால் ஒருவரும் மிஞ்ச மாட்டீர்கள். பிளிப்கார்ட் எந்த உறவின்முறையையும் பார்த்துக் கடையைத் தேய்க்கவில்லை.

ஒரு வெளிநாட்டுச் செய்தி, உங்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறேன். 1898-ல் பெர்லினில் பலசரக்குக் கடைக்காரர்கள் சிலர் கூடினார்கள். தனித்தனியாகக் கொள்முதல் செய்தால் மொத்த வியாபாரி நம்மை விழுங்கிவிடுவான் என்று, காப்பிக்கொட்டையும் சர்க்கரையும் சேர்ந்து வாங்க ஒரு சங்கம் வைத்தார்கள். கடை அவரவருக்கு, கொள்முதல் எல்லோருக்கும். அந்த ஏற்பாடுதான் எடேக்கா. இன்றைக்கு ஜெர்மனியின் மிகப்பெரிய பலசரக்கு வணிகக் குழுமம் அதுதான். பெருங்கம்பெனிகள் எல்லாம் சுற்றி நின்றும் அதை அசைக்க முடியவில்லை. அதன் கடைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் தனித்தனி முதலாளிகளே நடத்துகிறார்கள். நம் ஊரில் இது ஆகாது என்று சொல்லாதீர்கள். 1904-லேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் வாங்குபவர்கள் சேர்ந்து கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய மாநிலம் இது. விற்பவர்கள் சேர்வதற்கு என்ன தடை?

எனவே என் கோரிக்கை இதுதான். அருப்புக்கோட்டையையும் திருச்சுழி வட்டாரத்தையும் சேர்த்து ஒரு கூட்டுக் கொள்முதல் சங்கம் தொடங்குங்கள். எல்லாச் சாமானும் வேண்டாம். அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், சோப்பு, இப்படி எந்தக் கடையிலும் தினமும் போகிற முப்பது நாற்பது சாமானுக்கு மட்டும் ஒரே சிட்டை, ஒரே கிட்டங்கி, ஒரே பேரம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் விலை சொல்கிற விருதுநகர் மார்க்கெட் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தனித்தனியாக லைன் வண்டிக்குக் கைகட்டி நிற்பது உங்களுக்கே அசிங்கமாகத் தெரியவில்லையா? எங்கள் காட்டில் விளையும் குதிரைவாலி, உளுந்து, மல்லியை அதே கிட்டங்கியில் நேராக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சரியான எடை, சரியான விலை, கையில் ரசீது. எங்கள் மல்லியை அள்ளி வெளியூருக்கு அனுப்பி, அங்கே பாக்கெட் போட்டுத் திரும்ப வருவதை உங்கள் கடையிலேயே நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம்.

சேர்ந்து வாங்குவதில் மிச்சமாகும் காசில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்குங்கள். மூட்டைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த மகமைக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும். மழை பொய்த்த வருசத்தில் பற்று வராக்கடன் ஆகும்போது கடைக்காரர் தலையில் முழுப் பாரமும் விழாமல் அது தாங்க வேண்டும். பற்று நோட்டை நீங்கள் மூடியதற்குக் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஏஜென்சிக்காரர் வாரக் கெடுவில் ரொக்கம் கேட்கிறார், நாங்கள் தை மாசம்தான் தருகிறோம், நடுவில் நீங்கள் நசுங்குகிறீர்கள். ஒரு தை பொய்த்தால் முதலே போய்விடுகிறது. அந்த நடுவில் நிற்பதற்குத்தான் மகமை. கோயில் கோபுரத்துக்குச் சேர்ந்து பணம் போட்டவர்களால் இதற்குப் போட முடியாதா?

நோட்டையும் கொஞ்சம் திருத்துங்கள். வாங்குபவர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பற்று விலை தனியாக வேண்டாம், ஒரே விலை இருக்கட்டும். வேண்டுமானால் தவணை தாண்டினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடும்பத்தலைவன் பெயரில் மட்டும் எழுதாமல் வீட்டுப் பெண்கள் பெயரில் எழுதுங்கள், பற்று ஒழுங்காக அடையும். சங்கத்தில் சேர எந்தச் சாதிக்காரருக்கும் தடை இருக்கக் கூடாது. சேரியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கும் கடைவீதி முதலாளிக்கும் கிட்டங்கியில் ஒரே விலை, கூட்டத்தில் ஒரே வரிசை நாற்காலி. இது முடியாது என்றால் சங்கமே வேண்டாம், பழையபடி தனித்தனியாக ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம்.

நாள் கடத்த வேண்டாம். புரட்டாசி விதைப்புக்குக் கைக்காசு கரைகிற நேரத்தில்தான் எங்களுக்குப் பற்று வேண்டும். ஆகவே ஆவணிக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். உறவின்முறை மண்டபத்திலோ ஜமாத் மண்டபத்திலோ வேண்டாம். எல்லோரும் தயங்காமல் படியேறி வரக்கூடிய ஒரு பொது இடத்தில் போடுங்கள். வாங்குகிற எங்களையும் கூப்பிடுங்கள். எந்த ஊரில் எத்தனை வீடு, மாதம் எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று நாங்கள் எழுதிக்கொண்டு வருகிறோம், பேரத்துக்கு உங்களுக்கு அது உதவும். தை அறுவடைப் பணத்தில் கிட்டங்கிக்கு முன்பணம் கட்டவும் எங்கள் ஊர்களில் ஆள் இருக்கிறது, அவரவர் சக்திக்கு ஐநூறோ ஆயிரமோ. கட்டிய பணத்துக்கு ரசீது மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சுழி வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவன்